யாழினி என்று பெயர் வைத்தோம்: ழ, ள, ல, ய எல்லாம் கேட்ட அனுபவம்

ழகரம் வருகிற பெயரைக் குழந்தைக்கு வைக்கலாமா என்று என்னிடம் கேட்கிறவர்கள் இப்போது அதிகமாகிவிட்டார்கள். எங்கள் மகள் பெயர் யாழினி; நாங்கள் இருப்பது பெங்களூரில். ஆபீஸில் மாசமாக இருக்கும் தமிழ்ப் பெண்கள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அக்கா, எல்லாரும் தப்புத் தப்பாக் கூப்பிடுவாங்களே, பரவாயில்லையா?" என்று ஆரம்பிப்பார்கள்.

என் பதில் எப்போதும் ஒன்றுதான். பிடித்திருந்தால் வையுங்கள். ஆனால் வைப்பதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை கொஞ்சம் இருக்கிறது, வைத்த பிறகும் கொஞ்சம் இருக்கிறது. அதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

முதலில், ழ மட்டும்தான் சிக்கல் என்று நினைக்க வேண்டாம். பையனா பெண்ணா என்று தெரியாததால் இரண்டு பக்கமும் பெயர் எடுத்து வைத்திருந்தோம். பையனுக்குக் கவின். எளிமையான பெயர், இதில் என்ன வரப்போகிறது என்று நினைத்தோம். ஆங்கிலத்தில் எழுதி என் டீமில் இருக்கும் தமிழ் தெரியாதவர்களிடம் காட்டினால், பாதிப் பேர் 'கெவின்' என்று வாசித்தார்கள். பெண்ணுக்கு ஆதிரா. நம் ஊர் வழக்கப்படி 'த'வுக்கு டி-எச் போட்டு எழுதினால், வடநாட்டுக்காரர்கள் அதை அழுத்தமான, மூச்சு விட்டுச் சொல்லும் இன்னொரு எழுத்தாக வாசிக்கிறார்கள். அவர்கள் வழக்கத்தில் நம்முடைய 'த'வுக்கு வெறும் டி போதும். சென்னையில் ஒரு லதா தன் பெயரில் எச் போட்டு எழுதுவார், மும்பையில் ஒரு லதா எச் இல்லாமல் எழுதுவார், இரண்டும் ஒரே பெயர்தான். சரி, எச்சை எடுத்துவிடலாம் என்றால், நம் ஆட்களே 'ஆட்டிரா' என்று வாசிப்பார்கள். நிலாவை எடுத்துக்கொண்டால் 'நீலா' ஆகிறது. அமெரிக்காவில் இருக்கும் சித்தி மகள், அங்கே 'நைலா' என்றுதான் கூப்பிடுவார்கள் என்றாள்.

அப்போதுதான் எனக்கு ஒன்று தெளிவாயிற்று. யார் வாயிலும் மாறாத தமிழ்ப் பெயர் என்று ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தால் கிடைக்காது. பெயர் எப்படியெல்லாம் மாறும், அந்த மாற்றங்களில் எதை நம்மால் தாங்க முடியும், எதைத் தாங்க முடியாது என்று முன்கூட்டியே தெரிந்துகொள்வதுதான் நம் கையில் இருக்கிறது.

குழந்தை பிறந்தது கேட்டை நட்சத்திரத்தில். பஞ்சாங்கத்தில் கேட்டைக்கு நோ, யா, யீ, யூ என்று எழுத்து போட்டிருக்கும். பட்டியலில் ஏற்கெனவே யாழினி இருந்ததால் மாமியாருக்கும் திருப்தி, எங்களுக்கும் திருப்தி. ஆனாலும் உடனே முடிவு செய்யவில்லை. என் கணவர் ஒரு காரியம் செய்தார். டோக்கனுக்குப் பெயர் கேட்கும் காபிக் கடைகளில் தன் பெயருக்குப் பதிலாக யாழினி என்று சொல்லிவிட்டு, என்ன எழுதுகிறார்கள், எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று கவனித்தார். கோப்பையில் யாமினி என்று எழுதினார்கள். கூப்பிடும்போது யாலினி, யாஷினி என்றெல்லாம் வந்தது. காதில் விழுவது பழக்கமில்லாத பெயராக இருந்தால், அதற்கு மிக அருகில் இருக்கும் பழக்கமான பெயருக்கு மனிதர்கள் தாவிவிடுகிறார்கள். யாமினி அப்படி வந்ததுதான்.

காதால் கேட்டு எழுதுவது ஒரு சோதனை. எழுதியதைப் பார்த்து வாசிப்பது வேறு சோதனை. இதற்கு, பெயரை ஆங்கில எழுத்தில் மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பி, "இதை வாசிச்சு வாய்ஸ் மெசேஜ் போடுங்க" என்று வேறு வேறு மொழிக்காரர்களிடம் கேட்டோம். யாஸினி, யாஜினி, 'யாஸ்-ஹினி', எல்லாம் வந்தது. மலையாளத் தோழி ஒருத்தி மட்டும் ஒரு நொடி கூட யோசிக்காமல் சரியாக 'யாழினி' என்றாள். மலையாளத்தில் ழ இன்னும் உயிரோடு இருக்கிறது; ஆங்கிலத்தில் அதை எழுதும் முறையும் நம்முடையதேதான், கோழிக்கோட்டை எழுதுகிற மாதிரி.

இந்த இரண்டு சோதனைகளையும் நீங்கள் கட்டாயம் செய்யுங்கள். வந்த உச்சரிப்புகளை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, அவற்றில் எதுவாவது கன்னடத்திலோ ஹிந்தியிலோ தெலுங்கிலோ கெட்ட வார்த்தையாகவோ கேலிக்குரிய வார்த்தையாகவோ ஆகிறதா என்று அந்தந்த மொழிக்காரர்களிடம் கேளுங்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் அதைத்தான் முதலில் பிடிப்பார்கள். யாஸினியும் யாலினியும் காதுக்கு வேறு பெயராகத் தெரிகிறதே தவிர, எங்கள் சுற்றில் எந்த மொழியிலும் தப்பான அர்த்தம் வரவில்லை. அதனால் பெயரை உறுதி செய்தோம். வந்திருந்தால் நிச்சயம் விட்டிருப்போம். அர்த்தம் எவ்வளவு அழகாக இருந்தாலும், வகுப்பில் தினமும் உட்காரப்போவது குழந்தை.

இனி வீட்டுக்குள் வருகிறேன், ஏனென்றால் அதிகம் வாக்குவாதம் நடந்தது அங்கேதான். என் அம்மா மதுரைப் பக்கம். அவர் வாயில் மழை 'மளை', வாழைப்பழம் 'வாளப்பளம்'. ஆகவே பேத்தி 'யாளினி'. என் மாமியார் வடசென்னை. அங்கே பழைய ஆட்கள் பேச்சில் பழம் 'பயம்' ஆகும், கிழவி 'கியவி' ஆவாள். அவருக்குப் பேத்தி 'யாயினி'. தொட்டில் போட்ட அன்று குழந்தையின் காதில் பெயர் சொல்லும்போது, அத்தை ஒரு மாதிரி, பாட்டிகள் இரண்டு மாதிரி, தாத்தா தொண்டையைச் செருமிக்கொண்டு அழுத்தமாக ஒரு ழ.

என் கணவருக்குத் தமிழ்ப் பற்று அதிகம். "ழகரத்துக்காகத்தானே இந்தப் பெயரே வைச்சோம், வீட்டுக்குள்ளயே ளகரமா?" என்று கொஞ்ச நாள் என் அம்மாவைத் திருத்திப் பார்த்தார். அம்மாவும் பாவம், முயற்சி செய்தார். பெயர் சொல்ல வேண்டிய இடத்தில் எல்லாம் ஒரு நொடி தயங்கி, பிறகு பெயரையே விட்டுவிட்டு 'பாப்பா', 'தங்கம்' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். அதைப் பார்த்ததும் இது வேண்டாம் என்று நான் உறுதியாகச் சொல்லிவிட்டேன். அம்மா சொல்வது பிழையே இல்லை. பிறந்ததிலிருந்து அவர் பேசுகிற தமிழில் அந்த இடத்தில் ள தான் வரும். பாட்டி வாயில் பேரப்பிள்ளையின் பெயர் தயக்கமில்லாமல் வர வேண்டும். உங்கள் வீட்டிலும் பெரியவர்கள் இருந்தால், அவர்களுடைய வட்டாரப் பேச்சில் அந்தப் பெயர் எப்படி வரும் என்று பெயர் வைப்பதற்கு முன்பே கேட்டுப் பாருங்கள். அது உங்களுக்கு உறுத்தினால் பெயரை மாற்றுங்கள். அவர்கள் நாக்கை மாற்ற முயற்சிக்க வேண்டாம்.

எங்கள் பக்கத்து வீட்டில் ஓய்வு பெற்ற கன்னட ஆசிரியை ஒருவர் இருக்கிறார். அவரும் 'யாளினி' என்றுதான் கூப்பிடுவார். கன்னடத்தில் மழை 'மளெ', கோழி 'கோளி', ஏழு 'ஏளு'. நம் ழ வருகிற இடத்தில் அவர்களுக்கு ள தான். ஒரு நாள் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, "எங்கள் ஹளெகன்னடத்திலும், அதாவது பழைய கன்னடத்திலும், இதற்குத் தனி எழுத்து இருந்தது, அப்புறம் போய்விட்டது" என்று சொல்லி, காலண்டர் பின்பக்கத்தில் அந்தப் பழைய எழுத்தை எழுதிக் காட்டினார். என் மதுரை அம்மாவும் அவரும் ஒரே மாதிரி கூப்பிடுவது எனக்கு மிகவும் பிடித்துப்போனது அன்றிலிருந்துதான்.

ஆங்கில எழுத்துக்கூட்டுக்கு வந்தால் பேச நிறைய இருக்கிறது. ழகரத்துக்கு ஆங்கிலத்தில் எழுத்து கிடையாது. தமிழ்நாட்டில் இசட்-எச் போடுவது வழக்கம், ஆனால் எல்லாரும் அப்படிப் போடுவதில்லை. கருணாநிதி குடும்பத்திலேயே பாருங்கள்: கனிமொழி தன் பெயரை இசட்-எச் போட்டு எழுதுகிறார், அழகிரி பெயர் பெரும்பாலும் எல் போட்டுத்தான் வருகிறது. தமிழ் என்ற பெயரையே நாம் ஆங்கிலத்தில் எல் போட்டுத்தான் முடிக்கிறோம். சோழிங்கநல்லூருக்கு எல், பழவந்தாங்கலுக்கு இசட்-எச். 2020 ஜூனில் தமிழ்நாடு அரசு ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி ஆணை போட்டது. புதிய எழுத்துக்கூட்டுகள் மீது விமர்சனம் எழ, சில நாள்களிலேயே திரும்பப் பெற்றது. அரசாங்கத்துக்கே அவ்வளவு சுலபமாக இல்லை.

ஈழத்துக்காரர்களுக்கு இன்னொரு மரபு. அவர்கள் யாழினியை எல் போட்டு எழுதுவார்கள், சிலர் ஆர்-எல் போடுவார்கள். என் கணவரின் நண்பர் ஒருவர் யாழ்ப்பாணம், இப்போது டொரன்டோவில் இருக்கிறார். அவர் மகளும் யாழினிதான். நாங்கள் கேட்டபோது, "இங்க ஸெட் எச் போட்டா ஒருத்தரும் வாசிக்க மாட்டினம். எல் போட்டா லேசா வாசிப்பினம், பிள்ளைக்கும் கரைச்சல் இல்லை" என்றார். அவர் சொன்னது அங்கே சரி. ஆனால் இந்தியாவில் எல் போட்டால் ஒரு தமிழருக்குக் கூட அது ழ என்று தெரியாமல் போய்விடும். அது யாழ் என்ற சொல்லிலிருந்து வந்த பெயர் என்பதும் மறைந்துவிடும். இசட்-எச் போட்டால் தமிழரும் மலையாளியும் சரியாக வாசிப்பார்கள், மற்றவர்கள் வாசிக்கத் திணறி, "எப்படிச் சொல்வது?" என்று கேட்பார்கள். தப்பாக நினைத்துக்கொண்டு சரளமாகச் சொல்வதைவிட, தயங்கிக் கேட்பது எங்களுக்கு மேலாகப் பட்டது. அதனால் இசட்-எச். குழந்தை எந்த ஊரில் பள்ளிக்குப் போகப்போகிறதோ, அந்த ஊர் வாசகர்களை மனதில் வைத்து முடிவு செய்யுங்கள் என்பதே என் யோசனை.

அந்த ஆர்-எல் எழுத்துக்கூட்டில் ஒரு நியாயம் இருக்கிறது. அமெரிக்கர்கள் சொல்லும் ஆர் ஒலியில் பலருக்கு நாக்கு பின்னால் வளையும், எங்கும் தட்டாது. அது நம் ழகரத்துக்குப் பக்கத்தில் வருகிறது. தொல்காப்பியமும் ரகரத்தையும் ழகரத்தையும் ஒரே சூத்திரத்தில் சேர்த்து, நுனிநாக்கு மேலே எழுந்து அண்ணத்தை வருடும்போது பிறப்பதாகத்தான் சொல்கிறது. என்னோடு வேலை பார்க்கும் ஓர் அமெரிக்கப் பெண்ணிடம் ஒருமுறை சொல்லிக் கொடுத்தேன்: உன்னுடைய ஆர் ஒலியைச் சொல், நாக்கை இன்னும் கொஞ்சம் பின்னால் மடி, மேலே ஒட்டவிடாதே. அவர் சொன்னது எங்கள் வீட்டில் பல பேர் சொல்வதைவிடத் தெளிவாக இருந்தது. ழ வெளிநாட்டுக்காரர்களுக்கு வரவே வராது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். சொல்லிக் கொடுத்தால் வரும்.

எண்கணிதம் பற்றி ஒரு வார்த்தை. பெரியப்பா ஒருவர் கூட்டுத்தொகை சரியில்லை என்று, நடுவில் ஒரு ஏ, கடைசியில் ஒரு ஈ சேர்க்கச் சொன்னார். நம்பிக்கை உள்ளவர்களைப் புண்படுத்த விரும்பவில்லை. ஆனால் ஏற்கெனவே வாசிக்கச் சிரமமான பெயரில் இன்னும் இரண்டு எழுத்து சேர்த்தால், உச்சரிப்பு இன்னும் பல மாதிரி பிரியும். ஒவ்வொரு படிவத்திலும் யாராவது ஓர் எழுத்தை விட்டுவிடுவார்கள். நாங்கள் சேர்க்கவில்லை. சேர்த்தே ஆக வேண்டும் என்றால், பிறப்புச் சான்றிதழ் எடுப்பதற்கு முன்னால் சேர்த்துவிடுங்கள், பின்னால் வேண்டாம்.

பிறப்புச் சான்றிதழில்தான் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். பிறப்பை 21 நாள்களுக்குள் பதிவு செய்ய வேண்டும், ஆனால் அதற்குள் பெயரை முடிவு செய்தாக வேண்டும் என்று கட்டாயமில்லை. பெயர் இல்லாமலே பதிவு செய்துவிட்டு, ஒரு வருடத்துக்குள் கட்டணம் இல்லாமல் பெயரைச் சேர்க்கலாம். அதற்குப் பிறகும் தாமதக் கட்டணத்தோடு 15 வருடம் வரை சேர்க்க வழி இருக்கிறது. பலருக்கு இது தெரியாமல், மருத்துவமனையில் படிவம் நீட்டியதும் பதற்றத்தில் ஏதோ ஓர் எழுத்துக்கூட்டை எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். அவசரப்பட வேண்டாம். 2023 அக்டோபர் 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, பாஸ்போர்ட் என்று எல்லாவற்றுக்கும் பிறந்த தேதிக்கான ஆதாரம் பிறப்புச் சான்றிதழ்தான். அதில் என்ன எழுத்து விழுகிறதோ, அதுதான் வாழ்நாள் முழுக்கக் கூட வரும்.

கர்நாடகத்தில் சான்றிதழில் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் பெயர் வரும். எங்கள் விஷயத்தில், ஆங்கிலத்தில் இருந்த இசட்-எச்சைப் பார்த்து யாரோ கன்னடத்தில் 'யாஜினி' என்று தட்டச்சு செய்திருந்தார்கள். அச்சிடுவதற்கு முன்னால் சரிபார்க்கச் சொல்லித் தாளை நீட்டியபோது, ஆங்கில வரி சரியாக இருக்கிறது என்று என் கணவர் கையெழுத்துப் போடப் போனார். பக்கத்து வீட்டு ஆசிரியையும் உடன் வந்திருந்தார். அவர்தான் கன்னட வரியை வாசித்துவிட்டு நிறுத்தினார். இன்றைய கன்னடத்தில் ழ இல்லாததால் ள போட்டு எழுதச் சொல்லி, அங்கேயே அவர்கள் எதிரில் எழுதிக் கொடுத்தார். உங்களுக்கு வாசிக்கத் தெரியாத எழுத்தில் குழந்தையின் பெயர் எங்கெல்லாம் வருகிறதோ, அங்கெல்லாம் அந்த எழுத்து தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போங்கள். ஆதாரிலும் இதே கதைதான்: ஆங்கிலப் பெயரைத் தட்டியதும் வட்டார மொழி வரியைக் கணினி தானாகவே போட்டுக்கொள்ளும். பதிவு செய்பவரிடம் சொன்னால் அங்கேயே திருத்தித் தருவார். திரையைத் திருப்பிக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டே எழுந்திருங்கள். ஹிந்தியில் எழுத வேண்டி வந்தால், தேவநாகரியில் ள வுக்கான எழுத்தின் கீழே புள்ளி வைத்து ழ எழுதும் முறை உண்டு. ஆனால் அது அங்கே எல்லாருக்கும் பழக்கமில்லை. சாதாரண ள போதும் என்பது என் கருத்து.

இன்னொன்று: பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் அப்பா பெயரைப் போடுகிறீர்களா, காலியாக விடுகிறீர்களா என்று தொடக்கத்திலேயே முடிவு செய்து, எல்லா ஆவணத்திலும் அப்படியே கொண்டு போங்கள். இது உச்சரிப்பு விஷயம் இல்லை, ஆனாலும் இங்கே சொல்லிவிடுகிறேன். பெயரின் எழுத்துக்கூட்டை ஒழுங்காகப் பார்த்தவர்கள்கூட இதில் சிக்கிக்கொள்கிறார்கள்.

அப்புறம், அன்றாடம். யாரைத் திருத்துவது, யாரை விடுவது என்பதில் எங்களுக்கு ஒரு முறை வந்துவிட்டது. பாட்டிகள், பக்கத்து வீடு, காய்கறிக்காரர், இவர்களை விட்டுவிடுவோம். டாக்டர், பிளே ஸ்கூல் மிஸ், தினமும் குழந்தையோடு இருக்கப்போகிறவர்கள், இவர்களிடம் முதல் வாரத்திலேயே, முதல் முறையிலேயே சொல்லிவிடுவோம். தள்ளிப்போட்டால் அவர்களுக்கும் சங்கடம், நமக்கும் சங்கடம். சொல்லும்போது நீளமாகப் பாடம் நடத்துவதில்லை. "யாழினி. வரலைன்னா யாளினின்னு சொல்லுங்க, யாஸினி மட்டும் வேண்டாம்." இந்த இரண்டாவது வாய்ப்பைக் கொடுப்பது மிகவும் முக்கியம். முடியாத ஒன்றை மட்டும் கேட்டால் மனிதர்கள் பெயரையே தவிர்த்துவிடுவார்கள், என் அம்மா தவிர்த்த மாதிரி. முடிகிற ஒன்றைக் கொடுத்தால் சந்தோஷமாகச் சொல்வார்கள். சிலர் ழகரத்தையும் முயற்சி செய்வார்கள்.

"ஏதோ ஒண்ணு, உங்களுக்கு வர்ற மாதிரி கூப்பிடுங்க" என்று மட்டும் குழந்தை காதுபடச் சொல்லவே சொல்லாதீர்கள். மற்றவர்களுக்குச் சிரமம் கொடுக்கக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில் நாம் சொல்வது, தன் பெயர் மற்றவர்களுக்குத் தொந்தரவு என்றுதான் குழந்தை மனதில் பதியும். அதே காரணத்துக்காக, தப்பாகச் சொன்னவர் போன பிறகு வீட்டில் அவரைக் கேலி செய்வதும் எங்கள் வீட்டில் கிடையாது.

யாழினிக்கே இன்னும் ழ வரவில்லை. பெரும்பாலான குழந்தைகளுக்கு அது தாமதமாகத்தான் வரும். தன்னை 'யாயி' என்று சொல்லிக்கொள்கிறாள். "நான் சொன்ன மாதிரியே சொல்லுது பாரு" என்று வடசென்னை மாமியாருக்கு ஒரே பெருமை. நாங்கள் அவளைத் திருத்துவதில்லை, நாங்கள் கூப்பிடும்போது மட்டும் ழகரத்தைத் தெளிவாகச் சொல்கிறோம். யாளினி, யாயினி, யாலினி, எதைச் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்கிறாள். யாமினி என்றால் பார்ப்பதில்லை.

வரும் ஜூனில் எல்.கே.ஜி. சேர்க்கை. படிவத்தோடு ஒரு சின்னச் சீட்டும் கொடுக்கப்போகிறோம்: தமிழ், கன்னடம், ஹிந்தி மூன்றிலும் பெயர், கீழே "அம்மாவிடம் கேட்டால் சொல்லித் தருவார்" என்று ஒரு வரி, என் போன் நம்பர். கன்னட வரியைப் பக்கத்து வீட்டு ஆசிரியை எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.